உள்ளங்கை அடி

வேன்காரரோடு கதைக்க வேண்டுமென்றால் வேனுக்குள் ஏற வேண்டும். நான் அவருடைய வீட்டுக்குப் போனாலும் சரி, அவர் என் கடைக்கு வந்தாலும் சரி, "ஏறு தம்பி, உள்ளுக்கு இருந்து கதைப்பம்" என்பார். ஏறிக் கதவைச் சாத்தியதும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவார். எங்கேயும் போக மாட்டார். கல்முனைக் கடைத்தெருவில் அந்த டீசல் வேன் நின்ற இடத்திலேயே புகை விட்டு நடுங்கும். உள்ளே நாங்கள் இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கி ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் புடவைக்கடை வைத்திருந்தவர் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் வெளியே வந்து, "டீசல் என்ன, ஒங்கட வளவுக் கிணத்துலயா ஊறுது?" என்று கேட்டார். இவர் கண்ணாடியை இறக்கி, "ஓம், நேத்துத்தான் இறைச்ச. ஒரு வாளி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் ஏற்றினார். வேனுக்குள் இருக்கும்போது அவருடைய நாக்கு அப்படி.

இறங்கினால் ஆள் வேறு. மெல்லச் சிரிப்பார், தலையாட்டுவார், எதைக் கேட்டாலும் "ஓம் ஓம்" என்பார். கதைத்தாலும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் கதைப்பார். எங்கள் ஊரில் சலாம் சொல்வதே மீன் விற்கிற குரலில்தான். அதனால் இப்படி அமைதியாக இருக்கிற மனுசருக்கு மரியாதை தானாக வந்து சேர்ந்துவிட்டது. நிதானமான ஆள், வாயைக் கொடுக்காத ஆள் என்று பெயர். ஒரு முறை பள்ளிவாசல் கூட்டத்தில், கந்தூரிச் சோறு ஆக்க விறகு முழுவதையும் யார் பொறுப்பெடுப்பது என்று தலைவர் கேட்க, எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் தலைவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்து "ஓம் ஓம்" என்றார். சபை முழுக்க மாஷா அல்லாஹ் என்றது. பிறகு கூலிக்கு ஓடுகிற ஹயர் ஓட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு வேனில் விறகு ஏற்றித் திரிந்தார். ஏன் காக்கா ஒத்துக்கொண்டீர்கள் என்று எஞ்சின் ஓடும்போது கேட்டேன். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். "சொல்லிட்டன்தானே தம்பி" என்றார். வேறு விளக்கம் இல்லை.

நான் ரேடியோ திருத்துகிறவன். காதுதான் எனக்குச் சோறு போட்டது. ஒரு வானொலிப் பெட்டியைத் திறக்காமலேயே, சத்தத்தைக் கேட்டு எந்த இடத்தில் பழுது என்று சொல்வேன் என்று கடைத்தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த காலம். இந்த மனுசர் அந்தப் பீற்றலுக்கு வைத்த ஆப்பைத்தான் சொல்ல வருகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சவூதிக்குப் போன அவருடைய மச்சான் லீவில் வரும்போது வேனுக்கென்று ஒரு கசட் செட்டும், அம்பிளிஃபயரும், இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் கொண்டுவந்தார். கல்யாண ஹயர் பிடிக்க வேண்டுமென்றால் வேனில் பாட்டு அதிர வேண்டும் என்றாகிவிட்டிருந்தது. மச்சான் தானே ஒரு பலகைப் பெட்டி அடித்து, இரண்டு ஸ்பீக்கரையும் அதில் இறக்கி, பின் சீட்டுக்குப் பின்னால் வைத்து வயரும் கொடுத்துவிட்டுத் திரும்பப் பறந்துவிட்டார். பேஸ் பெட்டி என்று சொல்வோம். ஆனால் அதில் பேஸ் இல்லை, தடித்த சத்தம் எழவில்லை.

"நல்லாப் பாடுது தம்பி. ஆனா அடி இல்ல" என்று சொல்லிக்கொண்டுதான் முதல் முறை வந்தார்.

அந்த முறை பழுது உண்மையாகவே பெட்டியில்தான் இருந்தது. மச்சான் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருந்தார். ஒன்று காற்றை முன்னுக்குத் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னுக்கு இழுக்கும். புருசனும் பெண்சாதியும் ஒரே பாயை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற மாதிரி. மெல்லிய சத்தமெல்லாம் தப்பிவிடும், தடித்த சத்தம் மட்டும் நடுவில் செத்துப்போகும். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுச் செட்டைப் போட்டேன். கடைக்குள் மேசையில் இருந்த வெறுந்தேத்தண்ணிக் கிளாஸ் தானாக நகர்ந்தது. புடவைக்கடைக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நான் பெருமையோடு இவர் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னும் காணாது" என்றார்.

அவர் சோதித்துப் பார்ப்பது எப்போதும் ஒரே கசட்டில்தான். ஏதோ ஒரு கந்தூரியில் பக்கீர் பாவாமார் றபான் அடித்துப் பைத் பாடியதை யாரோ பதிந்து கொடுத்திருந்தார்கள். றபானில் இரண்டு அடி உண்டு. ஓரத்தில் விரலால் தட்டினால் டக் டக் என்று வரும். நடுத்தோலில் உள்ளங்கையை வீசி அடித்தால் தும் என்று வயிற்றுக்குள் இறங்கும். அந்தக் கசட்டைப் போட்டுவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "விரல் அடி கேக்குது தம்பி. உள்ளங்கை அடி கேக்குதில்ல" என்பார். அதையே எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. நித்திரையிலும் எனக்கு அந்த வசனம் வந்தது.

நானும் விடவில்லை. பெட்டரியில் இருந்து அம்பிளிஃபயருக்கு வந்த வயர் நூல் மாதிரி மெல்லியது. அதைக் கழற்றி விரல் தடிப்பில் ஒன்று போட்டேன். எர்த் வயரைப் பெயின்ட்டுக்கு மேலேயே முறுக்கியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் இறுக்கினேன். பெட்டியின் மூலைகளில் காற்று ஒழுகியது. பசை பூசி அடைத்தேன். உள்ளே இலவம் பஞ்சு வைத்துத் தைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சத்தம் கூடிக்கொண்டே போனது. வேன் தெருமுனையில் திரும்பும்போதே என் கடைக் கண்ணாடி அலுமாரி கிடுகிடுக்கும். மருதமுனையில் தறி நெய்கிறவர்கள் வேன் போனால் நூல் அறுகிறது என்று பகிடியாகச் சொன்னார்கள். இவர் மட்டும் வாடிய முகத்தோடு வந்து நின்றார்.

"இல்லத் தம்பி. போன கிழமையவிட இப்ப இன்னும் குறைஞ்சிட்டு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே அதிர்கிறது, இந்த மனுசருக்கு மட்டும் போதவில்லை. என் வேலையில் குறை சொல்லத்தான் வருகிறாரா என்றுகூட நினைத்தேன். பிறகு என் காதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வேளை நான்தான் இல்லாத சத்தத்தைக் கேட்கிறேனோ என்று புடவைக்கடைக்காரரைக் கூட்டிவந்து கேட்க வைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, பெட்டியின் மேல் நெற்றியை அழுத்திக்கொண்டு கிடந்தார். கசட் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். முகம் முழுக்கச் சந்தோசம்.

"இஞ்ச இரிக்கி தம்பி! உள்ளுக்கு இரிக்கி. உள்ளங்கை அடி அப்படியே இரிக்கி. வெளிய வருதில்ல, அவ்வளவுதான்."

நான் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். என் விலா எலும்பு அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் நெற்றியை எடுத்தார், முகம் வாடியது. திரும்ப வைத்தார், மலர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், பழுது பெட்டியில் இல்லையோ என்று எனக்கு முதன் முதலாக ஒரு பயம் வந்தது.

அவருக்கு ஏன் இந்தப் பாடு என்று விளங்க வேண்டுமென்றால் அவருடைய வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது தாண்டியதும் காது மெல்ல மெல்லப் போய், கடைசியில் இடி விழுந்தாலும் தெரியாமல் இருந்த மனுசர். ஊர் அவருக்கு வைத்த பெயரே செவிடர். இவர் பள்ளிக்கூடம் போனதும் கல்யாணம் முடித்ததும் "செவிடர்ட மகன்" என்ற பெயரோடுதான். வேன் வாங்கிய பிறகுதான் வேன்காரர் ஆனார். இப்போது அவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. ஒரே பிள்ளை, மகள். அந்த வருடம் அவளுக்கு அட்டாளைச்சேனையில் ஒரு வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். காது விசயம் வெளியே வந்தால், இது பரம்பரை, நாளைக்கு எங்கள் பேரப்பிள்ளைக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள் என்பது அவருடைய நடுக்கம். பேஸ் பெட்டியில் பழுது இருக்கிற வரைக்கும் காதில் பழுது இல்லை. அதனால்தான் அந்தப் பழுதை அவர் அப்படிக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இது எனக்கு அவருடைய வீட்டில் வைத்துத்தான் தெளிவானது. மழைக்கு வேனின் கூரை ஒழுகுகிறது, வயரைப் பார் என்று கூப்பிட்டிருந்தார். அவர் கூரைக்குத் தார் கொண்டுவரப் போன நேரம், மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தைக்கிற பிள்ளை. முற்றத்தைப் பார்த்த அறையில் கால் மெசின் இருந்தது.

"சாச்சா, வாப்பாக்குப் பின்னால நிண்டு கதைக்காதீங்க. முகத்துக்கு நேர வந்து கதைங்க" என்றாள்.

"ஏன் புள்ள?"

வாப்பா தார் வாளியோடு வந்ததும் அவள் போய் மெசினில் உட்கார்ந்தாள். ஊசியில் துணியே இல்லை. சும்மா காலை மிதிக்கத் தொடங்கினாள். மெசின் கடகடவென்று ஓட, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், "வாப்பா, நாளைக்கு மாப்பிள்ளை ஊட்டு மாமி வாறாவாம். கோழி வாங்கணும்" என்றாள். இவர் முற்றத்தில் குனிந்துகொண்டே, "ஓம் மகள், ரெண்டு வாங்குவம்" என்றார். அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அதே குரலில் காக்கா என்று கூப்பிட்டேன், அவர் திரும்பவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு டொக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அப்படி ஒரு வியாதி இருக்கிறது என்றார். காதுக்குள் இருக்கிற சின்ன எலும்பு இறுகிப் போவது. பரம்பரையில் வரலாம். முதலில் தடித்த சத்தம்தான் போகும். தன் குரல் தனக்குப் பெரிதாகக் கேட்பதால் ஆள் மெதுவாகக் கதைக்கும். எலும்பில் நேராகப் பட்டால் சத்தம் கேட்கும். அமைதியான இடத்தில் கேட்காத பேச்சு, இரைச்சலுக்குள் நன்றாகக் கேட்கும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் அந்த வேனுக்குள் திரும்பப் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த நாளில் எங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தார்கள்?

கல்யாணத்துக்கு முந்திய மாதம் அக்கரைப்பற்றில் யாரிடமோ நல்ல ஸ்பீக்கர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் ஆமிக்காரர்களின் தடை. ஒருவன் துவக்கோடு வந்து, "எஞ்சின் ஓஃப்" என்றான். நிறுத்தினார். அதோடு அவருடைய காது மூடிவிட்டது. எங்கே போகிறாய் என்று அவன் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். இவர் சிரித்து, "ஓம் ஓம்" என்றார். அவன் திரும்பக் கேட்டான். திரும்பவும் "ஓம் ஓம் சேர்." அவன் தன்னைப் பகிடி பண்ணுவதாக நினைத்துவிட்டான். ஜன்னலுக்குள் கை விட்டு ஓங்கி ஒரு அறை. நான் பதறிப்போய் அக்கரைப்பற்று, ஸ்பீக்கர், சாமான் வாங்க என்று தெரிந்த மொழியெல்லாம் கலந்து கத்தினேன். பின்கதவைத் திறக்கச் சொல்லி, பேஸ் பெட்டியைக் கழற்ற வைத்து, நான் தைத்த பஞ்சை எல்லாம் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

வேன் ஓடத் தொடங்கியது. அவருடைய கன்னத்தில் விரல் அடையாளம் சிவந்து கிடந்தது. நான் பொறுத்துக்கொள்ள மாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"காக்கா, பழுது பெட்டியில இல்ல. ஒங்கட காதுல. இண்டைக்கு அறைஞ்சவன் நாளைக்குச் சுடுவான். கொழும்புக்குப் போய்க் காட்டுங்க."

அவர் வேனை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தவில்லை. அவருடைய குரல் இன்னும் மெதுவாகியது.

"என்ட காது பழுதெண்டா, இவ்வளவு இரைச்சலுக்குள்ள நீ கதைக்கிறது எனக்கு எப்படித் தம்பி கேக்குது?"

டொக்டரைச் சந்திக்க எனக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோற்றதில் அவருக்குச் சந்தோசம் வந்ததாகவும் தெரியவில்லை. அழுதுவிடுவார் போல இருந்தது.

"மாப்பிள்ளை ஒங்கட ஊட்டுக்குத்தானே வந்து இரிக்கப் போறார்" என்றேன். எங்கள் பகுதியில் மகள் வீட்டை விட்டுப் போவதில்லை, மருமகன்தான் வருவார். "ஒரு கூரைக்குள்ள எத்தின நாளைக்கு ஒளிப்பீங்க?"

"நிக்காஹ் முடியட்டும்" என்றார். "அதுக்குப் பொறகு என்னவும் நடக்கட்டும்."

"அப்ப, ஒங்களுக்குப் பதிலா நிக்காஹ் சொல்லிக் குடுக்கச் சொல்லி மௌலவிக்கு வகாலத்துக் குடுத்திருங்க. எத்தின பேர் அப்படித்தானே செய்யிறாங்க. நீங்க சும்மா இரிக்கலாம்."

"ஒரே புள்ள தம்பி. என்ட வாயால குடுக்கணும். அந்தப் பொடியன் கபூல் எண்டு சொல்றத என்ட காதால கேக்கணும். அத மத்தவன் கேட்டு எனக்குச் சொல்றதா?"

நிக்காஹ் நடக்கிற மஜ்லிஸை நினைத்துப் பார்த்தேன். மௌலவி குத்பாப் பிரசங்கம் ஓதி முடித்ததும் பிள்ளையின் வாப்பாவும் மாப்பிள்ளையும் கை கோத்துக்கொள்வார்கள். வாப்பா தந்தேன் என்று சொல்ல வேண்டும், மாப்பிள்ளை கபூல், ஏற்றேன் என்று சொல்ல வேண்டும். அந்த நேரம் குழந்தை அழுதால்கூடத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். உலகத்திலேயே அமைதியான இடம் அது. அவருக்கு ஒன்றுமே கேட்காத இடம்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். புதிய ஸ்பீக்கரைப் போட்டோம். காணாது. பெட்டியைப் பெரிதாக்கினோம். காணாது. அம்பிளிஃபயரை முழுக்கத் திறந்துவிட்டதில் பியூஸ் எரிந்து புகை வந்தது. அவர் நெற்றியைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். நான் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொன்னதைச் செய்துகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டி, மாப்பிள்ளையின் வாய்க்குக் கிட்ட மைக்கை வைத்துவிட்டால் தப்பலாம் என்று ஒரு யோசனை எனக்கு இருந்தது. நாட்டு நிலைமை சரியில்லை என்று பொலிஸில் அனுமதி தரவில்லை. அதைச் சொன்னபோது அவர் என் கடைக் கதிரையில் குந்திவிட்டார்.

பிறகு எழுந்து, வேனுக்குள் என்னைக் கூட்டிப் போனார். எஞ்சினைப் போட்டார்.

"நிக்காஹ் அண்டு வேன எங்கட கூடத்து ஜன்னலோட கொண்டுவந்து விடு. எஞ்சின நிப்பாட்டாத. பெட்டரி இறங்கிட்டு, நிப்பாட்டினாத் திரும்ப ஸ்டார்ட் எடுக்காது எண்டு சொல்லு."

ஏன் என்று எனக்கு விளங்கியது. முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் குலுங்கிக்கொண்டிருந்தோம். என் கண் நிறைந்துவிட்டது. அதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று வெளியே இறங்கி டயரைப் பார்ப்பது போல நின்றேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அவருடைய வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, வெள்ளை விரித்து, மாப்பிள்ளை வீட்டார் வந்து அமர்ந்தார்கள். நான் வேனை ஜன்னலோடு ஒட்டி நிறுத்தினேன். புகை நேராகக் கூடத்துக்குள் போனது. மௌலவி இருமிக்கொண்டு, "ஆர்ர வேன் அது? நிப்பாட்டுங்க" என்றார். பெட்டரி இறங்கிவிட்டது ஹஸ்ரத், நிறுத்தினால் ஊரடங்குக்கு முதல் இந்த வயசாளிகளைக் கொண்டுபோய் விட ஏலாது என்றேன். முணுமுணுத்துவிட்டுக் குத்பாவைத் தொடங்கினார். இவர் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளைக்கு நேரே இருந்தார். என்னைப் பார்த்து ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். கேட்கிறது என்று அர்த்தம்.

குத்பா முடிந்தது. மௌலவி இரண்டு பேரின் கைகளையும் சேர்த்து வைத்தார். அந்த நேரம் பார்த்து, புகையில் பொறுக்க மாட்டாத மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வெளியே வந்து, வேனுக்குள் கையை விட்டு, எஞ்சினை நிறுத்துகிற குமிழை இழுத்துவிட்டார்.

நான் ஜன்னலில் நின்றேன். இவருடைய முகம் மாறியதைக் கண்டேன். மௌலவியின் வாய் அசைந்தது. இவர் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னார். என் மகளை நீங்கள் தருகிற இன்ன மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று, ஒரு சொல் பிசகாமல், மிக மெதுவாக. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, வாத்தியார் மனுசன், அடக்கமாகக் கபூல் சொன்னார். எனக்குக் கேட்டது. திரைக்கு அங்கால் இருந்த பெண்களுக்கும் கேட்டிருக்கும்.

இவர் கையை விடவில்லை. மாப்பிள்ளையின் வாயைப் பார்க்கக் குனிந்தார். குனிந்த தலையில் வாய் தெரியவில்லை.

"சொல்லுங்க மகன்" என்றார்.

மாப்பிள்ளை திகைத்துத் திரும்பவும் சொன்னார்.

"சொல்லுங்க மகன்." இன்னும் கிட்டக் குனிந்தார். "ஏன் சொல்றீங்க இல்ல?"

கூடம் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. நான் வேனுக்கு ஓடினேன். டீசல் எஞ்சின் உடனே எடுக்காது, சாவியைத் திருப்பிக் கொஞ்ச நேரம் சூடாக விட வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு முடியவே இல்லை. யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. பெரியப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். எஞ்சின் பற்றியது. "ஸ்டார்ட் எடுக்காது எண்டாய்!" என்று அவர் கத்தினார். நான் அக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்தேன்.

இரைச்சலுக்கு மேலாக மாப்பிள்ளை தலையை உயர்த்திக் கத்திச் சொன்னது வேனுக்குள் இருந்த எனக்கே கேட்டது. கபூல் செய்தேன். இவர் நிமிர்ந்தார். "ஓம்" என்றார். அவர் காதால் கேட்டுச் சொன்ன ஓம் அது. பிறகு மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார்.

"ஒத்தப் புள்ள, மனம் விடுதில்ல மனுசனுக்கு" என்று யாரோ சொன்னார்கள். பலர் தலையாட்டினார்கள். சிலர் கீழே பார்த்தார்கள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தபோது, அவர் என்னைப் பார்த்து முகம் முழுக்கச் சிரித்தார். தப்பிவிட்டோம் என்கிற சிரிப்பு. ஒருவருக்கும் தெரியவில்லை என்று அவர் நம்பினார்.

சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளை வீட்டார் வட்டமாக உட்காரத் தொடங்கினார்கள். மாப்பிள்ளையின் வாப்பா எழுந்து வந்து இவருக்குப் பக்கத்தில் இருந்தார். வேளாண்மை செய்கிற மனுசர், பெரிய கை. இவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். எஞ்சின் ஓடாத அமைதியில், ஜன்னலில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மச்சான், ஒங்கட காதுட விசயம் எங்களுக்கு முந்தியே தெரியும். பேச்சு எடுத்த அண்டே ஒங்கட மகள் எங்கட ஊட்டுப் பொம்புளையள்ட்டச் சொல்லி அனுப்பிட்டு. அறிஞ்சுதான் கட்டினம். இனி நீங்க ஒண்டையும் ஒளிக்க வேணாம். பயப்படவும் வேணாம்."

இவர் அவருடைய முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அழகாகச் சிரித்தார். தலையாட்டினார்.

"ஓம் ஓம் மச்சான். சோறு ஆயத்தம். முதல்ல நீங்க கையக் கழுவுங்க."

அந்தப் பெரிய மனுசர் அவருடைய கையை ஒரு முறை அழுத்தினார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினார்.